காதில் ஒட்டிய விதை

அன்று காலை ஜீவராஜுக்கு றொசல்ல வரவில்லை.

விடிந்ததும் பல்கூட விளக்காமல் அவன் செய்கிற முதல் வேலை, ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பதுதான். நாவலப்பிட்டியில் ஏறி, இங்குருஓயா, கலபொட, வட்டவளை என்று மேலே வந்து, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை தாண்டி நானுஓயாவில் போய் இறங்கிவிட்டால் அன்றைக்கு மூளை இருக்கிறது என்று அர்த்தம். அன்று நானுஓயாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வழியில் ஒரு பெட்டி கழன்று விழுந்துவிட்டது போல இருந்தது. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் ஒன்று உண்டு. சின்ன ஸ்டேஷன். சுற்றிலும் தேயிலை. மழையில் அங்கே இறங்கி நடந்திருக்கிறான். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. முகம் கழுவும்போது வரவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போதும் வரவில்லை. வெளியே நின்று ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நின்றது. றொசல்ல. அதற்குள் அவன் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து அங்கே பெயின்ட் மங்கத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, ஓட்டோவத் தொடைக்கிறீங்களா, தோல உரிக்கிறீங்களா?" என்றாள் பிரேமினி. அவன் மனைவி, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சேலையைச் சொருகிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"றொசல்ல மறந்துருச்சு."

"அங்க எந்த ரயில் ஒழுங்கா நிக்குது? ரயில்வேக்காரனே மறந்துட்டான். ஒங்களுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு ஞாபகம்?"

அவன் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு."

"மாமிக்கு அடுத்த வீட்டுக் கதவுல ஆரம்பிச்சிச்சு. நீங்க இன்னும் நம்ம கதவுலதான் நிக்கிறீங்க."

அது உண்மைதான். அவன் அம்மா சண்முகவடிவு வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு ராக்காயியின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், என் வீட்டில் யாருடி நீ என்று சண்டை பிடித்தாள். லயமே சிரித்தது. ஒரே வரிசையில் ஒரே அச்சில் கட்டிய வீடுகள். குடித்துவிட்டு வருகிறவன் எல்லாம் செய்கிற தப்புத்தான். ஆனால் அம்மா குடிப்பவள் இல்லை. அதன் பிறகு அடுப்பை மறந்தாள், செத்துப்போன புருஷனுக்குச் சோறு எடுத்து வைத்தாள், கடைசியில் பெற்ற மகனையே மறந்தாள். இப்போது அவன் அவளுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை. தினமும் காலையில் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இன்னிக்கு எந்த மலைங்கய்யா?" என்று கேட்பாள். எந்த மலையில் கொழுந்து எடுக்கவேண்டும் என்று கேட்கிறாள். "இன்னிக்கு லீவு" என்பான் அவன். நம்பமாட்டாள். மழைக்காலமானால் உப்பு முடிச்சுக் கேட்பாள். அட்டை கடித்தால் வைப்பதற்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள் துணியில் கட்டி இடுப்பில் சொருகிக்கொள்ளும் உப்பு. கொடுக்காவிட்டால் லயத்தை இரண்டாக்கிவிடுவாள் என்பதால் பிரேமினி தினமும் காலையில் ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

இந்த வீட்டில் இரண்டாவதாக ஒருவனுக்கும் இப்படி ஆகிவிட்டால் முதல் ஆளை யார் பார்ப்பது? ஜீவராஜின் பயம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பயத்துக்கு அவனிடம் காரணமும் இருந்தது. இளமை முழுவதும் அவன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவன். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான் அவன் வேலையை விட்ட கதை. யாரோடும் சண்டை இல்லை, சபதம் இல்லை. இரவு வேலையை விட்டால் இரவுத் தூக்கம் திரும்ப வரும் என்று நினைத்தான். வரவில்லை. பிறகு ஒரு நாள் கைப்பேசியில் ஏதோ வாசித்தான். தூக்கத்தில்தான் மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறதாம். தூங்காதவன் மூளையில் கழிவு தேங்கி, அது வருஷக்கணக்கில் போனால் மறதி நோயில் கொண்டு விடுமோ என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்களாம். 'சந்தேகப்படுகிறார்கள்' என்ற இடத்தை அவன் கண் தாண்டிப் போய்விட்டது. 'கழிவு' என்ற இடத்தில் நின்றுகொண்டது. தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைப் பரப்பும் மேசையை ஒரு நாள் கழுவாமல் விட்டால் மறுநாள் வருகிற புளித்த வாடை அவனுக்குத் தெரியும். அடுத்த கொழுந்தும் அந்த மேசையிலேயே கெட்டுப்போகும். அந்த வாடை இப்போது தன் தலைக்குள்ளிருந்து வருவதாக அவனுக்குப் பட்டது.

ஒரு டொக்டர் கொடுத்த தூக்கக் குளிசை, அதைப் போட்டால் மறதி கூடும் என்று யாரோ சொன்னதால், பெட்டியோடு கூரை இடுக்கில் கிடந்தது.

"மஸ்கெலியா லாபிர் நானா ஹட்டன்ல ஒரு மிஸ்கிட்டப் போய் ஊசி குத்திக்கிறாராம்" என்றாள் பிரேமினி. "சீன வைத்தியம். இப்ப கடையிலயே ஒக்காந்து கொறட்ட விடுறாரு. பருப்ப நாமளே நிறுத்து எடுத்துட்டு வரவேண்டியிருக்கு. நீங்களும் போங்க. மாமிய ராக்காயி அக்கா பாத்துக்கும்."

"போறேன்."

"ஓட்டோவுலதான போறீங்க?"

"பஸ்ஸுல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான். முந்தின வாரம், நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவில், தான் எப்படி அங்கே வந்தோம் என்று தெரியாமல் ஓட்டோவோடு நின்றிருந்தான். பின்னால், அவன் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற பிள்ளைகள் சிவசாமி வாத்தியாரின் புது மொட்டையைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி ரோட்டோரமாக ஒழுங்காகத்தான் நின்றது. ஆனால் அதை நிறுத்தியது அவன் கைதான் என்பதற்கு அவனிடம் சாட்சி இல்லை.

*

ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது நஸீரா மிஸ்ஸின் அறை. கொழும்பில் படித்து, சீனாவிலும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். கீழே பஸ் ஸ்டாண்டில் "கண்டி கண்டி கண்டி" என்று கத்துவது யன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் அவன் நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார்.

"ஊசின்னா பயமா?"

"ஊசிக்கு இல்ல மிஸ்."

"அப்ப எதுக்கு?"

அவன் சொன்னான். அம்மாவில் தொடங்கி றொசல்ல வரைக்கும் சொன்னான். வளைவை மட்டும் விட்டுவிட்டான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"படுத்த பொறகு என்ன செய்வீங்க?"

"வாட்டம் பாப்பேன் மிஸ்."

"வெளங்கல்ல."

"ஃபெக்டரியில எனக்கு அதான் வேலைங்க. பகல்ல எடுத்த கொழுந்து ராத்திரி பூரா வாடணும். அப்பப்ப போயி ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாக்கணும். கையத் தொறந்தா இலை விரிஞ்சிச்சுன்னா வாடலன்னு அர்த்தம். உருண்டையா நின்னா சரி." அவன் தன் உள்ளங்கையை மூடித் திறந்து காட்டினான். "இப்பவும் அப்படித்தான். படுத்துக்கிட்டு, தூக்கம் வந்துருச்சான்னு பாப்பேன். வரல. அம்மா எந்திரிச்சிட்டாங்களான்னு காதக் குடுத்துக் கேப்பேன். பொறகு லயத்து ஆளுங்க பேரெல்லாம் சொல்லிப் பாப்பேன். பொறகு மறுபடி தூக்கம் வந்துருச்சான்னு."

நஸீரா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க வேலையத்தான் விட்டிருக்கீங்க. ஷிப்ட விடல்ல."

அவனுக்கு அது பகடியா வைத்தியமா என்று தெரியவில்லை. வந்த கேள்வியைக் கேட்டுவிட்டான். "மிஸ், இதக் குத்துனா அம்மா மாதிரி வராதுல்ல?"

ஊசியை எடுத்த கை அப்படியே தட்டுக்குத் திரும்பிப் போனது.

"அத நான் சொல்ல மாட்டேன். சொன்னாப் பொய். ஊசியால சில பேருக்குத் தூக்கம் நல்லாகுது, அதுக்கு ஆராய்ச்சி இருக்கு. எல்லாமே பலமான ஆராய்ச்சின்னு சொல்ல ஏலாது. ரொம்பக் காலம் தூக்கம் கெட்டவங்களுக்கு வயசான காலத்துல மறதி வாறது கொஞ்சம் கூடுதல்னும் சொல்றாங்க. ஆனா எது முந்தி, எது பிந்தின்னு சரியாத் தெரியாது. சில பேருக்கு மறதி வரப்போறதோட முதல் அடையாளமே தூக்கம் கெடுறதா இருக்கலாம். ரெண்டையும் முடிச்சுப் போட்டு, ஊசி குத்தினா மறதி வராதுன்னு யாரும் நிரூபிக்கல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒருத்தர் நிரூபிச்ச மாதிரி போர்டு போட்டிருக்காரு. அவருகிட்டப் போறதுன்னாப் போங்க."

அவன் போகவில்லை. ஆனால் 'முதல் அடையாளமே' என்ற சொல்லை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"கண்டிக்குப் போய் மூளை டொக்டர் ஒருத்தருக்குக் காட்டுங்க" என்றார் அவர். "ஞாபகத்துக்கு டெஸ்ட் இருக்கு. ரத்தமும் பாப்பாங்க. தைரொய்ட் கொறஞ்சாலும் மறதி வரும், தூக்கம் இல்லாட்டியே மறதி வரும். அம்மா மாதிரின்னு நீங்களே முடிவு கட்டவேணாம்."

"பாக்கலாம் மிஸ்" என்றான். பார்க்கப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லது. இருக்கிறது என்று வந்தால், அன்றைக்கே பிரேமினியின் இரண்டு கையிலும் இரண்டு ஆள்.

ஊசிகள் நுளம்பு கடிப்பது போல இறங்கின. மணிக்கட்டில், கணுக்காலுக்கு மேலே, இரண்டு புருவத்துக்கு நடுவில். மிஸ் விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனார். அவன் வழக்கம்போல வாட்டம் பார்த்தான். தூக்கம் வந்துவிட்டதா? இல்லை. மணிக்கட்டில் ஏதோ கனமாக இழுத்தது. கண்டி கண்டி கண்டி என்று ஒருவன் கத்தினான். பிறகு அந்தக் குரல் தூரத்தில் போய்விட்டது, அல்லது பஸ் போய்விட்டது.

"எழும்புங்க" என்று மிஸ் தோளைத் தட்டினார். ஊசிகள் எல்லாம் எடுத்தாகிவிட்டன. எடுத்தது அவனுக்குத் தெரியாது.

கிளம்பும்போது, இரண்டு காதின் மேல்மடலிலும் கடுகளவு கறுப்பு விதை ஒவ்வொன்றை வைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டர் துண்டால் ஒட்டினார். "படுக்கப் போறப்ப இத விரலால மெதுவா அமத்துங்க. விட்டு விட்டு அமத்துங்க. நனைஞ்சாப் பரவாயில்ல. ஸ்டேஷன் சொல்ல வேணாம், வாட்டம் பாக்க வேணாம். அமத்துறது மட்டுந்தான் வேலை."

*

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. இறங்கவேண்டியது மஸ்கெலியாவில். அதற்கு முந்தின நோர்வூட் வரைக்கும் அவனுக்கு நினைவிருந்தது.

கண்ணைத் திறந்தபோது பஸ் நின்றிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. வெளியே மழையும் மூட்டமுமாக இருந்தது. மூட்டத்துக்குள் ஒரு கடைத்தெரு. எல்லாக் கடையும் பலகை அடித்துச் சாத்திக் கிடந்தது. நாய் ஒன்று தார்ப்பாயின் கீழே சுருண்டிருந்தது. இப்படி ஒரு ஊரை அவன் பார்த்ததே இல்லை. இறங்கி ரோட்டில் நின்றான். எங்கோ ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சாத்திய கடைதான்.

வந்துவிட்டது என்று நினைத்தான். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. அம்மாவுக்குக் கதவு, எனக்கு ஊரே.

என் பெயர் ஜீவராஜ். பெண்சாதி பிரேமினி. அம்மா சண்முகவடிவு. பெயர்கள் எல்லாம் இருந்தன, நிற்கிற இடம் மட்டும் இல்லை. அம்மாவும் இப்படித்தானே நின்றிருப்பாள், தன் பெயர் தெரிந்து, தன் வீட்டு அடுப்பு தெரிந்து, கதவு மட்டும் தெரியாமல். அன்றைக்கு லயமே சிரித்தது. அவனும்தான் சிரித்தான்.

ஒரு சிங்கள அம்மா குடையோடு கடந்து போனாள். "கொஹெத யன்னே?" என்று கேட்டாள், எங்கே போகிறாய் என்று. அவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. ஆனால் எங்கே போகிறேன் என்று சொல்ல, எங்கே இருக்கிறேன் என்று தெரியவேண்டுமே. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கண்டக்டர் வாயில் கடித்த பணிஸ் ரொட்டியோடு வந்தான். "எந்திரிச்சிட்டியா அண்ணே! மஸ்கெலியாவுல கத்துகத்துன்னு கத்துனேன். ஒலுக்கிக்கூடப் பாத்தேன். செத்துக்கித்துப் போயிட்டியோன்னு மூக்குல கைய வச்சுப் பாத்தேன்னா பாரு."

"இது எந்த ஊரு?"

"நல்லதண்ணி. வேற எங்க போவும் இந்த பஸ்ஸு?"

நல்லதண்ணி. யாத்திரையாக மலை ஏறப் போகிறவர்கள் இறங்குகிற இடம். வருஷா வருஷம் பருவகாலத்தில் ஓட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறான். அப்போதெல்லாம் மின்விளக்கும் பாட்டும் மிட்டாய்க் கடையும் கால் வைக்க இடமில்லாத கூட்டமும். பருவம் முடிந்து மழையில் சாத்திக் கிடக்கும்போது வந்ததில்லை. கண்டக்டர் சொன்ன கணத்தில் மூட்டத்துக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் நின்றன. பாலம் அங்கே. மலைக்கு ஏறும் வழி அங்கே.

அதே பஸ்ஸில் திரும்பி வந்தான். இந்தத் தடவை நின்றுகொண்டே வந்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, உலுக்கினாலும் எழும்பாமல் தூங்கியிருக்கிறான். சந்தோஷப்படவேண்டிய விஷயம். ஆனால் நூறு தடவை வந்த ஊர் அடையாளம் தெரியாமல் ரோட்டில் நின்றதும் அவன்தான். யாருமே தடுமாறக்கூடிய இடமா அது, அல்லது அவன் மட்டுமா? நல்ல தூக்கத்திலிருந்து எழும்புகிறவர்கள் எல்லாரும் அப்படித்தானா? நல்ல தூக்கம் எப்படியிருக்கும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கண்டியில் இருக்கலாம்.

*

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. ராக்காயி தன் வாசலில் நின்றபடி, "பிரேமினி இன்னும் வரல. ஒங்கம்மா அடுப்படியில சூடு காயுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் தலையைத் துவட்டியபடி நுழைந்தான். சண்முகவடிவு பலகையிலிருந்து எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு எந்த மலைங்க..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள்.

"டேய், அட்டை."

"அட்டை இல்லம்மா. வெதை. டொக்டர் ஒட்டுனது."

"அட்டை கடிச்சவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான். ஒக்காரு."

அவன் பிளாஸ்டரைக் காட்டுவதற்காகக் கையைக் கொண்டு போனான். பளீரென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"பிய்க்காத! பிச்சா ரெத்தம் நிக்காது. உப்ப வச்சு அமத்துனா தானா விழும். ஒக்காருன்னா ஒக்காரணும்."

அவன் உட்கார்ந்தான். அவள் இடுப்பிலிருந்து உப்பு முடிச்சை எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விதையின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். விட்டாள். பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ந்து வெடித்த விரல். அவசரமே இல்லை. இத்தனை மாதமாக அவனை ஐயா என்று கூப்பிட்டவள் 'டா' போட்டுப் பேசுகிறாளே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டான். அட்டை கடித்தால் தோட்டத்துத் தொரைக்கும் 'டா'தான் போடுவாள். அவளுக்கு இப்போது தெரிந்தது மகன் இல்லை. அட்டை.

உப்புத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. காது சூடேறியது. கண்டிக்குப் போனால் என்ன சொல்வார்கள்? இருக்கிறது என்று சொன்னால்? பழக்கத்தில் வாய்க்குள் வட்டவளை வந்து நின்றது. அடுத்தது... விரல் அழுத்தியது. விட்டது. அடுத்தது என்ன என்று பார்ப்பதற்குள் மறுபடி அழுத்தியது.

"நல்ல வளந்த அட்டையா இருக்கு. விடமாட்டேங்குது" என்று அவள் முணுமுணுத்தாள்.

வாசலில் குடை மடங்கும் சத்தம். "ஐயோ மாமி, என்ன செய்றீங்க? எவ்வளவு நேரம் போன் அடிச்சேன், எங்கங்க போயிருந்தீங்க?" என்று பிரேமினி இரண்டு பேரையும் ஒரே மூச்சில் கேட்டாள்.

"சத்தம் போடாத. இன்னும் விழல" என்றாள் சண்முகவடிவு.

ஜீவராஜ் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் அடி விழும். "பிரேமி" என்றான். நாக்கு தூக்கத்தில் தடித்துப்போயிருந்தது. "நாளைக்கு ஓட்டோ எடுக்கல. புள்ளைங்கள வேற யாராச்சும் ஏத்திட்டுப் போகட்டும். நாம கண்டிக்குப் போறோம். எனக்கு டெஸ்ட் பாக்கணும்."

பிரேமினி குடையைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கிட்டே வந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, விளக்கைப் போடப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

"மாமி, அந்தக் காதுலயும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

"பாத்தேன். அது எங்க போயிரப் போவுது?" என்றாள் சண்முகவடிவு. "இது விழட்டும்."